தீவகத்துக் கடன்: கூட்டுப்பொறுப்பின் இரு வரலாறுகள்

கடன்பட்டோர் நிலைபற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனைத் தனிமனித ஒழுக்கம் சார்ந்த விடயமாகவே நோக்குவர். வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்தவர் கடன்படுவர், சிக்கனமாயிருப்பவர் மீள்வர் என்பது அந்நோக்கின் சாரமாகும். இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், ஒரு பிரதேசத்தின் மக்களுட் பெரும்பகுதியினர் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்குள் வாழ நேரும்போது, அதற்குரிய காரணத்தை அவர்தம் ஒழுக்கத்திலே தேடுவது பொருந்தாது. உற்பத்தி முறையிலும், கடன் வழங்கப்படும் நியதிகளிலும், அந்நியதிகளை யார் வகுக்கின்றனர் என்பதிலுமே அதனைத் தேடுதல் வேண்டும்.

ஊர்காவற்றுறையை மையமாகக் கொண்ட யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது. இங்கு கடனாளியை மீட்க எழுந்த நிறுவனமும், அண்மைக் காலத்தில் அவரை மீளாக் கடனில் ஆழ்த்திய நிறுவனமும் ஒரே கருவியையே கையாண்டன. அயலவர் ஒருவர்க்கொருவர் பிணையாக நிற்கும் கூட்டுப்பொறுப்பே அக்கருவியாகும். ஒரே கருவி இருவேறு விளைவுகளைத் தந்தமை ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கடலும்

ஊர்காவற்றுறை பழைமையான துறைமுகமாகும். யானைகள் கப்பலேற்றப்பட்ட துறையாதலின் போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை எனப் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். ‘கயிற்ஸ்’ என்னும் ஆங்கில வழக்கு அதிலிருந்தே பிறந்ததென்பர். துறைமுகத்துக்கு எதிரே கடல்நடுவில் நிற்கும் கடற்கோட்டை, இவ்விடத்துக்கு ஒல்லாந்தர் அளித்த முக்கியத்துவத்தை இன்றும் உணர்த்துகின்றது. எனினும் துறைமுகத்தின் செழிப்பும் தீவக மக்களின் செழிப்பும் ஒன்றல்ல.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய தீவுகளில் ஆறுகள் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை தரும் மழையை நம்பி நெல் ஒரு போகமே விளையும். கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. வருமானம் ஆண்டில் ஒருமுறை வரும். செலவோ நாள்தோறும் உண்டு. இந்த இடைவெளியே தீவகத்துக் கடனின் தோற்றுவாய் எனலாம். கடற்றொழிலாளர் நிலையும் இதனை ஒத்ததே. வலையும் வள்ளமும் வாங்க முதல் வேண்டும். அதனை முற்பணமாகக் கொடுக்கும் வியாபாரிக்கே மீனை விற்கவேண்டிய கடப்பாடும் உடன் வரும். விலையை வாங்குபவரே தீர்மானிக்கும்போது, வட்டி என்ற சொல் எழுதப்படாமலே வட்டி அறவிடப்படுகின்றது. புகையிலைச் செய்கையாளரும் விளைச்சலுக்கு முன்பே வியாபாரியிடம் பணம் பெற்று, அவர் சொன்ன விலைக்கு விற்கும் நிலையில் இருந்தனர்.

பருவத்தோடு இணைந்த கடன், பொருளோடு கட்டுண்ட கடன் ஆகிய இவ்விரு வகைகளோடு, சீதனத்தின்பொருட்டுப் படும் கடனையும் சேர்த்தால் பழைய தீவகத்தின் கடன் அமைப்பு ஏறக்குறைய முழுமை பெறும்.

தேசவழமையும் ஒற்றியும்

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு 1706–1707ஆம் ஆண்டுகளில் இப்பகுதியின் வழக்காறுகளைத் தொகுத்தார். தமிழ் முதலியார் பன்னிருவர் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஏற்றனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமை எனப்படும் இத்தொகுப்பில் ஒற்றி, அடைவு, கடன் ஆகியன பற்றிய விதிகள் இடம்பெறுதல், அக்காலச் சமூகத்தில் கடன் எத்துணை நாளாந்த விடயமாக இருந்தது என்பதைக் காட்டும்.

ஒற்றியில், பணம் கொடுத்தவர் வட்டி பெறுவதில்லை. அதற்கீடாக நிலத்தின் பயனை அவர் அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் நிலம் உடையவரிடம் மீளும். ஒற்றி நிலத்தை மீட்கும் காலமும் பயிரின் பருவத்துக்கேற்ப வரையறுக்கப்பட்டிருந்தது. விதைத்தவர் விளைச்சலை இழக்காதவாறு இவ்விதி அமைந்தது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், ஒற்றிக் கடன் காலத்தோடு பெருகுவதில்லை என்பதாகும். பத்தாண்டு கழிந்தாலும் மீட்புத்தொகை முன்பிருந்ததே. கடன் குட்டிபோடாது என்பதே அதன் சிறப்பு.

ஆயினும் ஒற்றியை இலட்சியப்படுத்துதல் தவறு. நிலத்தின் பயனை இழந்தவர் முதலைச் சேர்ப்பது எங்ஙனம்? வருமானத்தின் ஊற்றையே கையளித்தவர்க்கு மீட்பு பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது. மேலும், பெற்றோர் பட்ட கடனுக்கு ஆண்மக்கள் பொறுப்பாளிகள் என்பதும் தேசவழமையின் விதிகளுள் ஒன்றாகும். கடன் குடும்பத்தின் வழியே இறங்கியது. நிலமே இல்லாதவர்க்கு ஒற்றியும் இல்லை. அவர் தம் உழைப்பையே ஈடாக வைக்க நேர்ந்தது. சாதியமைப்பும் நிலவுடைமையும் பின்னிப்பிணைந்திருந்த ஒரு சமூகத்தில் இதன் பொருள் என்ன என்பது விளக்கம் வேண்டாதது.

ஐக்கிய நாணய சங்கங்கள்

இக்கட்டமைப்பை உடைக்க முயன்ற முதல் நிறுவனம் கூட்டுறவு நாணய சங்கமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமனியின் கிராமங்களில் வட்டிக் கொடுமையைக் கண்ட பிரீட்ரிக் வில்கெல்ம் இரைபைசன் தோற்றுவித்த சங்க முறை, 1904ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணய சங்கக் கட்டளைச் சட்டம் அதற்கு இடமளித்தது. தமிழில் இவை ஐக்கிய நாணய சங்கங்கள் என வழங்கின.

இரைபைசன் முறையின் உயிர்நாடி எல்லையிலாப் பொறுப்பாகும். சங்கம் பெற்ற கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தவரும் தம் சொத்து முழுவதாலும் பொறுப்பாளி. ஏழைகள் பலர் தனித்தனியே பிணையற்றவர். ஆயினும் ஒன்றுசேர்ந்து நிற்கும்போது அவர்தம் கூட்டே பிணையாகின்றது. இப்பொறுப்பு அச்சமூட்டுவதாயினும், அதனோடு மூன்று உரிமைகள் இணைந்திருந்தன. முதலாவது, சங்கம் அங்கத்தவர்க்கே சொந்தம், ஆளுக்கு ஒரு வாக்கு. இரண்டாவது, வட்டிவீதத்தை அங்கத்தவரே பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தனர். மூன்றாவது, வட்டியாகச் சேர்ந்த மிகுதி சங்கத்தின் ஒதுக்கு நிதியிலே தங்கியது. கொடுத்த வட்டி ஊரைவிட்டு வெளியேறவில்லை.

இச்சங்கங்களின் நடைமுறையில் மற்றுமோர் அம்சம் நம் கவனத்துக்குரியது. ஒவ்வோர் அங்கத்தவரின் சொத்தும் கடனும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டிக்குக் கொடுக்கவேண்டும் என்பது முதன்முறையாக எழுத்தில் வந்தது. அதன்மீதே ஒவ்வொருவர்க்கும் உச்சக் கடனெல்லை வகுக்கப்பட்டது. எதற்காகக் கடன் கேட்கப்படுகின்றது என்பதும் கேட்கப்பட்டது. பழைய கடனைத் தீர்ப்பதற்கெனவே கடன் வழங்குதலும் ஏற்புடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதாவது, உயர்வட்டிக் கடனைத் தாழ்வட்டிக் கடனாக மாற்றுதல். கடனிலிருந்து மீளுதலின் முழு முறையும் இந்தப் பதிவேட்டிலே அடங்கியிருந்தது எனலாம்.

யாழ்ப்பாணம் இவ்வியக்கத்தில் முன்னணியில் நின்றது. 1929ஆம் ஆண்டில் இங்கு கூட்டுறவு வங்கியொன்று தோன்றிக் கிராமச் சங்கங்களுக்கு நிதி வழங்கலாயிற்று. இது நிகழ்ந்த காலம் முக்கியமானது. அவ்வாண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின் விளைவாகக் கொழும்புச் செட்டியார் தெருவின் கடன்வழங்கல் சுருங்கியது. வங்கித்துறையை ஆராயப் பொச்கானவாலா தலைமையில் 1934இல் ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. இலங்கை வங்கி 1939இல் தோன்றியது. திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்த யாழ்ப்பாணப் புகையிலைச் செய்கையாளர் 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மூலம் விற்பனையைத் தம் கைக்குக் கொணர முனைந்தனர். காரைநகர்ப் பாலத்துக்கு அண்மையில் உள்ள மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்ததும் அப்பத்தாண்டிலேயே. நோய்ச்செலவே கடனின் பெருங்காரணங்களுள் ஒன்று என்பதை நினைத்தால், வைத்தியசாலையும் ஒருவகையிற் கடன் நிவாரண நிறுவனமே என்பது தெளிவாகும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 ஒக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் நிலுவையாயிருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம், கடன் கொடுத்தோரையும் கடன்பட்டோரையும் ஒரு சபைமுன் அழைத்து இணக்கம் காண வழிவகுத்தது. கடனாளி நீதிமன்றத்தில் தனியே நிற்பதற்கும், சபையொன்றின் முன்னிலையிற் பேரம் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இவ்வியக்கத்தின் எல்லைகளையும் மறைத்தல் கூடாது. சொத்துப் பதிவேடே கடனெல்லையை வகுத்தமையால், சொத்தற்றவர் விளிம்பிலேயே நின்றனர். 1972 முதல் பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோதே, தவறணைக் குத்தகைக்காரரை நம்பியிருந்த சீவல் தொழிலாளர் தம் உழைப்பின் பயனுக்கு ஓரளவேனும் உரியவராயினர். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் கரையோரத்தில் இதே பணியை ஆற்றின. கூட்டுறவு, மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல இறங்கிய வரலாறு இது.

சங்கங்களின் தளர்ச்சி

1971ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு, சிறிய கிராமச் சங்கங்களை இணைத்துப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை ஆக்கியது. பங்கீட்டுப் பொருள் வழங்கலில் இவை ஆற்றிய தொண்டு மறுக்கற்பாலதன்று. எனினும், அயலவரை அயலவர் அறிந்து கடன் வழங்கிய நெருக்கம் இதனாற் குன்றியது. இதனைத் தொடர்ந்து போர் வந்தது. 1990இல் இராணுவ நடவடிக்கை தொடங்கியபின் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப நிலம் ஈடுவைக்கப்பட்டது. நகைகள் அடைவுக்குச் சென்றன. வீடுகள் கூரையிழந்தன. அங்கத்தவர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் சிதறிக் கிடக்கையில், அயலை அடிப்படையாகக் கொண்ட சங்கம் எவ்வாறு இயங்கும்? கூட்டுப்பொறுப்புக்கு வேண்டிய கூட்டமே கலைந்துவிட்டது.

நுண்கடனின் வருகை

2009இல் போர் முடிவுற்று வீதிகள் திறந்தபின், குத்தகைக் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் வடக்கை நோக்கி வந்தன. பங்களாதேசில் முகமது யூனுஸ் 1976இல் சோப்ரா கிராமத்திலே தொடங்கிய பரிசோதனை உலகெங்கும் பரவி, பல நாடுகளில் இலாப நிறுவனங்களின் கைக்கு மாறிய காலம் அது. ஆந்திரப் பிரதேச அரசு இத்தகைய நிறுவனங்களின் கடன் அறவீட்டைக் கட்டுப்படுத்த 2010 ஒக்டோபரில் அவசரச் சட்டம் பிறப்பித்திருந்தது. அப்பாடம் இங்கு கற்கப்படவில்லை.

இந்நிறுவனங்கள் தேடியது பெண்களையே. இதில் ஆழ்ந்த முரண்பாடொன்று உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற இயலாது என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. கணவன் காணாமற்போயிருந்தால் அவள் நீதிமன்றம் செல்லல் வேண்டும். தன் நிலத்தை ஈடுவைத்துக் குறைந்த வட்டிக்கு வங்கியிற் கடன்பெறும் வழி இவ்வாறு இடறுகையில், ஈடு எதுவும் வேண்டாத, வட்டி மிகுந்த கடன் அவள் வாசலுக்கே வந்தது. உரிமை மறுக்கப்பட்ட இடத்திற் கடன் வழங்கப்பட்டது.

ஈட்டுக்குப் பதிலாகக் கேட்கப்பட்டது அயலவரின் பிணை. சில பெண்கள் ஒரு குழுவாதல் வேண்டும். ஒருத்தி தவணை தவறினால் ஏனையோர் செலுத்தல் வேண்டும். இது பார்வைக்கு ஐக்கிய நாணய சங்கத்தின் கூட்டுப்பொறுப்பே. ஆனால், அதனோடு இணைந்திருந்த மூன்று உரிமைகளுள் ஒன்றேனும் இங்கு இல்லை. நிறுவனம் குழுவுக்குச் சொந்தமன்று. வட்டியைக் குழு தீர்மானிப்பதில்லை. வட்டியாகச் சென்ற பணம் ஊருக்கு மீள்வதுமில்லை. பொறுப்பு மட்டுமே கூட்டானது, உடைமை கூட்டானதன்று. அயலவர் ஒருவர்க்கொருவர் துணை என்ற நிலை மாறி, ஒருவர்க்கொருவர் காவலர் என்ற நிலை உருவாயிற்று. நாணமே அறவீட்டுக் கருவியாயிற்று.

வட்டியைக் கணக்கிடும் முறையும் நோக்கற்பாலது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபா கடன், நூற்றுக்கு 24 வீதம் நிலையான வட்டி, 52 வாரத் தவணை எனின், மொத்தம் 62,000 ரூபா, வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபா செலுத்தவேண்டும். வட்டி 24 வீதமென்றே கடனாளி எண்ணுவார். ஆனால், ஆறாம் மாதத்தில் முதலில் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்ட பின்னரும் முழு 50,000 ரூபாவுக்குமான வட்டியே அறவிடப்படுகின்றது. குறைந்துவரும் மீதியின்மேற் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 வீதமாகும். முற்கூட்டியே கழிக்கப்படும் கட்டணங்களைச் சேர்த்தால் அது மேலும் உயரும். ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி 2018இல் இலங்கைக்கு வந்தபோது, நுண்கடன் வட்டி 40 முதல் 220 வீதம் வரை இருந்ததாகச் சுட்டினார். இன்னொன்றும் உண்டு. வாரத் தவணை, வாரந்தோறும் வருமானம் வரும் என்ற அனுமானத்தின் மேல் எழுந்தது. ஆண்டுக்கொரு போகம் நெல்லும், காற்றடித்தால் நிற்கும் கடற்றொழிலும், இழுவைப்படகுகளால் அறுபடும் வலைகளும் உள்ள தீவகத்தில் அவ்வனுமானம் செல்லாது. தேசவழமையின் ஒற்றி விதி பயிரின் பருவத்தை மதித்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் நிதி நிறுவனம் அதனை மதிக்கவில்லை. முதற்கடனைத் தீர்க்க இரண்டாம் கடன், இரண்டாவதைத் தீர்க்க மூன்றாவது எனத் தொடர்ந்தமைக்கு இதுவே காரணம்.

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே பெரும்பாலும் கருத்திற் கொண்டது. வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் வீதிக்கு இறங்கிக் குரலெழுப்பிய பின்னரே, 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, நிலுவையாகிவிட்ட, 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. தனித்தனியே நாணிக் கிடந்த கடனாளிகள் கூட்டாகப் பேசத் தொடங்கியதன் பேறு இதுவாகும்.

அரசின் கடனும் குடியின் கடனும்

2022 ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதன்பின் நிகழ்ந்தது யாது? கடன்கள் அனைத்தும் பட்டியலிடப்பட்டன. கடன் கொடுத்தோர் ஒருங்கே அழைக்கப்பட்டனர். காலம் நீட்டப்பட்டது, வட்டி குறைக்கப்பட்டது, முதலிலும் ஒருபகுதி கழிக்கப்பட்டது. 2024 டிசம்பரிற் பிணைமுறிகள் மாற்றிக்கொள்ளப்பட்டன. இதனை எவரும் ஒழுக்கக்கேடு என்று கூறவில்லை. மறுசீரமைப்பு என்றே கூறினர். அரசுக்கு உரியதான இந்நியாயம் வேலணையில் வலை பின்னும் பெண்ணுக்கு ஏன் உரியதாகாது என்ற வினா எழுவது இயல்பே. 1941ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலும் நிலத்தை ஈடாகக் கொண்ட கடன்களையே கருதியது. வாரத் தவணைக் கடனும் கடனட்டைக் கடனும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

கடனட்டை நகரத்தவரையும் புலம்பெயர்ந்தோரையும் பற்றிய விடயம் என ஒதுக்குதல் பொருந்தாது. தீவகத்துக் குடும்பமொன்றின் கடன் இன்று பல நாடுகளிற் பரந்து கிடக்கின்றது. ஊரில் நடக்கும் சடங்குக்கான செலவு தொறொன்றோவிலுள்ள ஒருவரின் கடனட்டையில் ஏறுகின்றது. அதன் பொறிமுறையும் நாம் மேலே கண்டதே. 1,00,000 நிலுவைக்கு மாதம் 2 வீத வட்டி எனின், குறைந்தபட்சத் தொகையாக 5,000 செலுத்துபவரின் பணத்தில் 2,000 வட்டிக்கே போய்விடும். நிலுவை குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைவதால் மீட்சி ஆண்டுக்கணக்கில் நீளும். செலுத்தவேண்டிய மிகக்குறைந்த தொகையைக் கடன் கொடுத்தவரே வகுப்பதன் உட்பொருள் இதுதான்.

இந்நிலையில் மீளும் வழி யாது? பழைய சங்கத்தின் பதிவேடு இன்றும் வழிகாட்டும். கடன் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுதல், ஒவ்வொன்றின் உண்மை வட்டியையும் குறைந்துவரும் மீதியின்மேற் கணக்கிடுதல், வட்டி மிகுந்ததை முதலில் அடைத்தல், கூடுமாயின் அதனைத் தாழ்வட்டிக் கடனாக மாற்றுதல், பழைய கடன் தீருமுன் புதியது படாதிருத்தல் ஆகியன தனியொருவர் செய்யத்தக்கவை. இவை பயனுடையன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வட்டிவீதத்தையும் தவணைக் காலத்தையும் தனியொருவர் மாற்ற இயலாது. அதற்குக் கூட்டு வேண்டும். ஊரில் இன்றும் நிலவும் சீட்டு முறை, மக்களிடையே நம்பிக்கை முற்றாக வற்றிவிடவில்லை என்பதைக் காட்டுகின்றது. ஆனால், சீட்டுப் பிடிப்பவரின் நாணயம் ஒன்றையே நம்பி நிற்பது அதன் பலவீனம். அந்நம்பிக்கைக்குக் கணக்கும், பொதுக்கூட்டமும், சட்டத் தகுதியும் சேரும்போது அது மீண்டும் நாணய சங்கமாகும்.

முடிவுரை

மூன்று நூற்றாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. ஒற்றி, கடன் பெருகாது காத்தது. ஆனால் நிலத்தைக் கொண்டுசென்றது. ஐக்கிய நாணய சங்கம், பொறுப்பையும் உடைமையையும் ஒன்றாகப் பிணைத்தது. ஆனால் சொத்தற்றவரை நெடுங்காலம் வெளியே நிறுத்தியது. நுண்கடன் சொத்தற்றவரையும் உள்ளே அழைத்தது. ஆனால் உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் அவர் தலையில் ஏற்றியது. சொத்தற்ற பெண்ணும் அங்கத்தவராகி, வட்டியைத் தானே தீர்மானித்து, பருவத்துக்கேற்பத் தவணை செலுத்தும் அமைப்பு நான்காவதாக எழவேண்டும். அதற்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இம்மூன்றிலும் சிதறிக் கிடக்கின்றன. கூட்டாகப் பிணை நிற்கும்படி கேட்கப்படும்போதெல்லாம், கூட்டாக உடையவராகவும் இருப்போமா என்று திருப்பிக் கேட்பதே கடன்பட்டோர் முதலிற் செய்யவேண்டியது.